பழைய போக்கோ எஃப்1ல லினக்ஸ் போடுறேன்: ஓப்பன்ஆர்சியா சிஸ்டம்டியா, ஃபோனுக்கு எது தோது?

வாடிப்பட்டி_பம்புசெட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு வாடிப்பட்டி பக்கம் தோட்டம், போர் மோட்டார் ஒண்ணு ஓடுது, த்ரீ ஃபேஸ் கரண்டு எப்ப வரும் எப்ப போகும்ண்டு சொல்ல முடியாது, அப்பா நடுராத்திரி எந்திரிச்சு டார்ச்சைத் தூக்கிட்டு மோட்டார் ரூமுக்குப் போறாரு. கடையில விக்கிற மொபைல் ஸ்டார்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்தோம், ஆன் ஆஃப் பண்ணும் சரி, ஆனா கரண்டு எத்தனை மணிக்கு வந்துச்சு, தண்ணி எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கற கணக்கெல்லாம் அதுல கிடைக்காது. அதனால வீட்ல சும்மா கிடக்குற போக்கோ எஃப்1ல போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ங்கற ஃபோன் லினக்ஸைப் போட்டு, சிம் மாட்டி, மோட்டார் ரூம்லயே வச்சுரலாம்ண்டு இருக்கேன். கரண்டு வந்தா அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போகணும், அவரு திருப்பி ஒரு எஸ்எம்எஸ் போட்டா மோட்டார் ஓடணும். ரிலேயை ஒரு இஎஸ்பி32ங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு பாத்துக்குது, அது ஃபோனோட வைஃபைல பேசுது, அந்தப் பக்கம் வேலை முடிஞ்சுருச்சு.

இப்ப கேள்வி இனிட் பத்தி, அதாவது ஃபோன் பூட் ஆகுறப்ப மத்த சர்வீஸை எல்லாம் ஏத்தி விடுற மொத ப்ரோக்ராம்; ஓப்பன்ஆர்சி, சிஸ்டம்டி ரெண்டும் அதுல ரெண்டு வகை. பிஎம்பூட்ஸ்ட்ராப்ங்கற டூல்ல இமேஜ் கட்டும்போது சிஸ்டம்டி வேணுமாண்டு கேக்குது, டீஃபால்ட், ஆல்வேஸ், நெவர்ண்டு மூணு ஆப்ஷன். காலேஜ்ல கூட இருக்குறவன் சிஸ்டம்டி ரொம்ப கனம், ஃபோனுக்கெல்லாம் ஆகாது, ஓப்பன்ஆர்சி போடு, பூட் சடார்னு வரும்ங்கறான். இன்னொருத்தன் உலகமே சிஸ்டம்டிக்குப் போயிருச்சு, நீ ஏன் பின்னாடி போறங்கறான். இது போக ஒன்ப்ளஸ் 6 ஒண்ணு இருக்கு, அதுல ஃபாஷ்ங்கற ஃபோன் யுஐ போட்டு கைல வச்சுக்கிட்டுத் திரியணும்ண்டு ஆசை. ரெண்டு ஃபோனுக்கும் ஒரே இனிட் போதுமா, இல்ல வேலைக்குத் தகுந்த மாதிரி மாத்தணுமா? பேட்டரி, ரேம், பூட் நேரம் மூணுலயும் நெசமாவே வித்தியாசம் தெரியுமா? ஓட்டிப் பாத்தவங்க சொல்லுங்க.


டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் எழுதியது:

தம்பி, இனிட்டைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி கர்னல் என்னாண்டு பாக்கணும், அதை யாரும் சொல்லமாட்டாங்க. உன் கைல இருக்குற ரெண்டும் ஸ்னாப்டிராகன் 845, மெயின்லைன் கர்னல்லயே, அதாவது லினக்ஸோட பொதுவான ஒரிஜினல் கர்னல்லயே நல்லா ஓடும், அதனால உனக்கு ரெண்டு வழியும் திறந்துருக்கு. போக்கோல மட்டும் டிஸ்ப்ளே பேனல் டியான்மாவா ஈபிபிஜியாண்டு பாத்து அதுக்கான இமேஜை எடுத்துக்க, மாத்திப் போட்டா ஸ்கிரீன் வராது.

ஆனா என் கடைக்கு வர்ற ஃபோனு எல்லாம் அப்படியில்ல. கம்பெனி குடுத்த 3.10, 3.18 கர்னலை விட்டு நகர முடியாத பழைய ஃபோனு எத்தனையோ கிடக்கு. சிஸ்டம்டி 258ல இருந்து குறைஞ்சது 5.4 கர்னல் வேணும், ப்ராசஸுங்களைக் கூட்டம் பிரிச்சு வைக்கிற பழைய சிக்ரூப் வி1ஐயும் எடுத்துட்டாங்க. அந்த மாதிரி ஃபோனுக்கு ஓப்பன்ஆர்சியை விட்டா வேற போக்கிடம் இல்ல. பழைய ஃபோனைக் குப்பைக்குப் போகாமக் காப்பாத்தணும்ண்டுதானே 2017ல இந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸே ஆரம்பிச்சாங்க, அந்த நோக்கத்துக்கு இன்னைக்கும் தோள் குடுக்குறது ஓப்பன்ஆர்சிதான், இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

ரேம் விஷயம்: உன் போக்கோல 6 ஜிபி இருக்கு, வித்தியாசம் உன் கண்ணுக்கே தெரியாது. ஒரு ஜிபி ரெட்மி 2 மாதிரி ஃபோன்ல பின்னாடி ஓடுற ஒவ்வொரு ப்ராசஸும் கணக்குத்தான், அங்க ஓப்பன்ஆர்சியும் பிஸிபாக்ஸ்ங்கற குட்டி கமாண்ட் தொகுப்பும் இருக்குற லேசு தெரியும்.

மோட்டார் ரூமுக்கு என் ஓட்டு ஓப்பன்ஆர்சிக்கே. ஏன்னா அது ஷெல் ஸ்கிரிப்ட். ஈடிசி இனிட்.டிக்குள்ள ஒரு ஃபைல், மொத வரில ஓப்பன்ஆர்சி-ரன், அடுத்து கமாண்ட் எங்க இருக்குண்டு ஒரு வரி, டிபெண்ட்ங்கற இடத்துல நீட் டிபஸ், ஆஃப்டர் மோடம்மேனேஜர்ண்டு ரெண்டு வரி, அவ்வளவுதான் சர்வீஸ் (டிபஸ் ப்ரோக்ராமுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற வழி, மோடம்மேனேஜர் மோடத்தைப் பாத்துக்குறது). ஆர்சி-அப்டேட் ஆட் போட்டா அடுத்த பூட்ல இருந்து தானா வரும். எதாச்சும் மக்கர் பண்ணுச்சுண்டா லேப்டாப்பை யூஎஸ்பில சொருகி 172.16.42.1க்கு எஸ்எஸ்எச் போட்டு உள்ள போ, விஐ எடிட்டர்ல திறந்து படிச்சா என்ன நடக்குதுண்டு வரிக்கு வரி தெரியும். ராத்திரி தோட்டத்துல நிண்டுக்கிட்டு ரிப்பேர் பாக்குறவனுக்கு இதைவிட என்ன வேணும்.


எல்லீஸ்நகர்_எம்படெட் எழுதியது:

கர்னல் பத்தி அண்ணன் சொன்னது முழுக்க சரி. ஆனா 845க்கு வந்துட்டா நான் அவருக்கு எதிர்ப்பக்கம்தான் நிப்பேன், காரணத்தோட சொல்றேன்.

தம்பி, பூட் நேரத்தை மொதல்ல மறந்துரு. ஃபோனை யாரு தினமும் ஆஃப் பண்ணி ஆன் பண்றா? அதோட பூட்ல பெரும்பங்கு நேரத்தை பூட்லோடரும் கர்னலும் மோடம் எந்திரிக்கிறதும்தான் தின்னும், எந்த இனிட் போட்டாலும் அது குறையாது. ஃபோன்ல இனிட்டோட தரம் எங்க தெரியும்னா, எல்லாம் ஏறி ரெண்டு வாரம் ஓடுன பிறகு ஒரு சர்வீஸ் செத்துப்போகும் பாரு, அப்ப யாரு அதைக் கவனிக்கிறாங்கங்கறதுலதான்.

845ல மோடம் எப்படி எந்திரிக்குதுன்னு பாரு. அது தனி ப்ராசஸர், தனி ஃபர்ம்வேர். அதுக்குன்னு இஎம்எம்சிலயோ யூஎஃப்எஸ்லயோ தனி பார்ட்டிஷன் இருக்கு, ஆனா அதால நேரா போய் அதைத் தொட முடியாது, லினக்ஸ் பக்கம் பின்னாடி ஓடுற ஆர்எம்டிஎஃப்எஸ்ங்கற சின்ன டீமன்கிட்டதான் "இந்த பிளாக்கைப் படிச்சுக் குடு, இதை எழுது"ன்னு கேக்கும். கூட டிக்யூஎஃப்டிபிசர்வ்னு ஒண்ணு, பழைய கர்னல்னா பிடி-மேப்பர்னு இன்னொண்ணு. இதெல்லாம் ஓடுனாத்தான் மோடம் முழுசா வரும். அப்புறம் எந்த சிம் ஸ்லாட்டுன்னு ஒரு ஸ்கிரிப்ட் க்யூஎம்ஐ வழியா, அதாவது க்வால்காம் மோடத்தோட பாஷைல சொல்லணும், அதுக்கும் பிறகுதான் மோடம்மேனேஜர். இந்த வரிசைல நடுவுல ஒண்ணு படுத்தா மேல இருக்குறது எல்லாம் உசுரோட இருக்குற மாதிரியே தெரியும், சிக்னல் மட்டும் இருக்காது.

ஓப்பன்ஆர்சில சாதாரணமா எழுதுற சர்வீஸ் ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் வழியா ஓடும். அது செத்தா ஆர்சி-ஸ்டேட்டஸ்ல கிராஷ்ட்னு காட்டும், ஆனா திருப்பி எழுப்பாது. யாராச்சும் போய்ப் பாக்கணும். உன் தோட்டத்துல யாரு போய்ப் பாக்குறது? சிஸ்டம்டில ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்னு ஒரு வரி போதும்.

இன்னொரு பெரிய விஷயம் லாக். ஜர்னல்சிடிஎல்ல மைனஸ் பி மைனஸ் ஒண்ணுன்னு குடுத்தா போன பூட்ல என்ன நடந்துச்சுன்னு தனியா பிரிச்சுக் காட்டும். ஃபோன் தானா ரீஸ்டார்ட் ஆகிக் கிடக்குறதை நீ நாலு நாள் கழிச்சுப் போய்ப் பாக்குறப்ப, செத்ததுக்கு முந்தின நிமிஷம் மோடம் என்ன சொல்லிட்டு செத்துச்சுன்னு பாக்க இதைவிட நல்ல வழி நான் பாத்ததில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, ஜர்னல் சாதாரண வரிகளை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்தான் டிஸ்க்ல உறுதியா எழுதும், திடீர்னு பவர் போனா கடைசி சில நிமிஷம் போயிரும். சிங்க்இன்டர்வல்செக்கைக் குறைச்சு வச்சுக்க. சிஸ்டம்மேக்ஸ்யூஸையும் 100 எம்பி மாதிரி கட்டிப் போடு, இல்லைன்னா ஃபைல்சிஸ்டத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும், அதிகபட்சம் 4 ஜிபி, லாக்கே எடுத்துக்கும்.

"ஃபோனுக்கு சிஸ்டம்டி ஆகாது"ங்கற பேச்சையும் விட்டுருங்க. ஜோலா 2013ல விட்ட செயில்ஃபிஷ் ஃபோன்லயே சிஸ்டம்டிதான். அதுக்கு முன்னாடி நோக்கியா என்900, என்9 ரெண்டும் அப்ஸ்டார்ட்ங்கற வேற இனிட்ல ஓடுச்சு, உபுண்டு டச்சும் ரொம்ப காலம் அப்ஸ்டார்ட்தான், 20.04 அடிப்படைக்கு வந்த 2023ல சிஸ்டம்டிக்கு மாறிட்டாங்க. மோபியன்ங்கற ஃபோன் லினக்ஸ் டெபியன்ல இருந்து வர்றதால அதுவும் சிஸ்டம்டி. ஃபோன்ல லினக்ஸ்ங்கற கதைல பலதும் இப்ப இந்தப் பக்கம் வந்துருச்சு.


கோரிப்பாளையம்_ரோம் எழுதியது:

ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டீங்க, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. உலகத்துலயே அதிகமா ஃபோன்ல ஓடுற லினக்ஸ் இனிட் இது ரெண்டுமே இல்ல, ஆண்ட்ராய்டோட சொந்த இனிட்தான். நம்ம கஸ்டம் ரோம் கட்டுற ஆளுங்களுக்கு அது தினப்படி சோறு. இனிட்.ஆர்சிண்டு ஃபைல், அதுல ஆன் பூட், ஆன் ப்ராப்பர்ட்டி இப்படி எப்ப எது நடக்கணும்ண்டு எழுதி வச்சுருப்பாங்க, கீழ சர்வீஸ் வரிகள். ஒன்ஷாட்ண்டு போடலைண்டா எந்த சர்வீஸ் செத்தாலும் தானா திருப்பி ஏத்தும், கேக்கவே வேணாம். கிரிட்டிக்கல்ண்டு குறிச்ச சர்வீஸ் நாலு நிமிஷத்துக்குள்ள நாலு தரத்துக்கு மேல செத்துச்சுண்டா ஃபோனையே ரீபூட் பண்ணி பூட்லோடருக்கு அனுப்பிரும். கூகுள்காரங்க ஆரம்பத்துலயே புரிஞ்சுக்கிட்டாங்க, ஃபோனுக்கு அட்மின்ண்டு ஒருத்தன் கிடையாது, இனிட்தான் அட்மின். எல்லீஸ்நகர் அக்கா சொல்றதும் இதேதான்.

ஆண்ட்ராய்டு டிரைவரை வச்சே லினக்ஸ் ஓட்டுற ஹேலியம் வழியா ஓடுற உபுண்டு டச், டிராய்டியன் ஃபோனுங்கள்ல இன்னும் விசித்திரம். வெளிய சிஸ்டம்டி, உள்ள எல்எக்ஸ்சி கன்டெய்னர்ல ஆண்ட்ராய்டு இனிட் தனியா உக்காந்து வெண்டர் டிரைவர் சர்வீஸை எல்லாம் பாத்துக்கும். ஒரே ஊருக்கு ரெண்டு நாட்டாமை மாதிரி, சென்சார் வரலைண்டா யாருகிட்ட போய்க் கேக்குறதுண்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலையணும். 845க்குத்தான் மெயின்லைன் கிடைக்குதே, அந்தப் பக்கம் போகாத.

இன்னொண்ணு, நெட்வொர்க் இல்லைண்டா ரீபூட் பண்ணுண்டு மட்டும் எழுதிராத. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு எங்க ஏரியாவுல டவர் திணறும், ஃபுல் சிக்னல் காட்டும், ஒரு மெசேஜ் போகாது. மோடம்மேல ஒரு தப்பும் இருக்காது. வாடிப்பட்டிலயும் கரண்டு போய் டவர் பேட்டரி தீந்தா இதேதான். மோடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுதாண்டு பாரு, டவர் கிடைச்சுதாண்டு பாக்காத, ரெண்டும் வேற வேற.


டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி சொன்னதுல ஒண்ணை மறுத்தே ஆகணும். ஓப்பன்ஆர்சி செத்ததை எழுப்பாதுங்கறது பாதிதான் உண்மை. ஸ்கிரிப்ட்ல சூப்பர்வைசர்=சூப்பர்வைஸ்-டீமன்ண்டு ஒரு வரி சேத்தா செத்ததை அதுவே எழுப்பும். ரெஸ்பான்_மேக்ஸை சைபர்ண்டு வச்சா எத்தனை தரம் செத்தாலும் விடாது. அதுக்கும் மேல ஹெல்த்செக்ண்டு ஒரு ஃபங்க்‌ஷன் எழுதலாம், ஹெல்த்செக்_டைமர்ல எத்தனை செகண்டுக்கு ஒருக்கா பாக்கணும்ண்டு குடுத்தா, அது தோத்துச்சுண்டா அன்ஹெல்த்தி ஃபங்க்‌ஷனைக் கூப்பிட்டு சர்வீஸைத் திருப்பி ஓட்டும். மோடம் பதில் சொல்லுதாண்டு பாக்குற வேலை எல்லாம் அங்கயே வச்சுக்கலாம், அதுவும் வெறும் ஷெல்ல.

எனக்கு சிஸ்டம்டி மேல உள்ள வருத்தம் வேற. அது ஓடுதா ஓடலையாங்கறது இல்ல, மத்ததுக்கு இடம் இல்லாமப் போகுது பாருங்க, அதுதான். க்னோம் டெஸ்க்டாப்போட 49ல க்னோம்-செஷன்ல இருந்த சொந்த சர்வீஸ் மேனேஜரைத் தூக்கிட்டாங்க, சிஸ்டம்டி இல்லாம க்னோம் ஓட்டுறது இனிமே பெரும்பாடு. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்காரங்க 2024 மார்ச்ல சிஸ்டம்டியைச் சேக்குறோம்ண்டு அறிவிச்சப்ப சொன்ன காரணமும் இதை ஒட்டித்தான், க்னோமும் கேடிஇயும் சிஸ்டம்டியை நம்பி இருக்கு, அது இல்லாம ஓட்ட அவங்க கட்டிக்கிட்டு இருந்த ஒட்டு வேலை தாங்கலை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான அல்பைன் மசல்ங்கற சி லைப்ரரில ஓடுது, சிஸ்டம்டி ஆதிலருந்து ஜிலிப்சிங்கற வேற சி லைப்ரரியை நம்பி எழுதுனது, அதனால பேட்ச் மேல பேட்ச் போட்டு ஓட்டுனாங்க. 2025 டிசம்பர்ல வந்த சிஸ்டம்டி 259லதான் மசலுக்கும் அதுக்குள்ளயே ஆதரவு வந்துச்சு. எழுதுறவங்க சிரமம் எனக்குப் புரியுது. சம்பளம் இல்லாம சாயங்காலம் உக்காந்து வேலை பாக்குற ஆளுங்க, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா டெஸ்க்டாப் கட்டுற பெரிய டீம் எடுக்குற முடிவுல, நான் ஒரு ஜிபி ஃபோனை வச்சுக்கிட்டு இங்க முழிக்கிறேன். அதுக்கு யாரு பதில் சொல்றது?


வாடிப்பட்டி_பம்புசெட் எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நேத்து டெஸ்ட் ஓட்டுனப்ப அக்கா சொன்ன மாதிரியே ஆச்சு. என் ஸ்கிரிப்ட் ஓடுது, மோடம்மேனேஜர் ஓடுது, எல்லாம் ஆக்டிவ்ண்டு பச்சையா காட்டுது, ஆனா எஸ்எம்எஸ் போகலை. டிமெசேஜ்ல, அதாவது கர்னல் லாக்ல பாத்தா மோடம் கிராஷ் ஆகி கர்னலே அதைத் திருப்பி எழுப்பியிருக்கு. மோடம்மேனேஜரோட எம்எம்சிஎல்ஐ கமாண்ட்ல கேட்டா மோடம் 0ண்டு ஒண்ணும் இல்லைங்குது. அப்ப ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டும் என்ன பிரயோசனம், ப்ராசஸ்தான் சாகவே இல்லையே?

இன்னொண்ணு, ஒன்ப்ளஸ்ல காலைல அஞ்சரைக்கு அலாரம் வச்சேன், ஃபோன் தூங்கிட்டா அலாரமும் சேந்து தூங்குது. அதுக்கும் இனிட்டுக்கும் சம்பந்தம் இருக்கா?


எல்லீஸ்நகர்_எம்படெட் எழுதியது:

சரியான இடத்தைப் பிடிச்சுட்ட. ரீஸ்டார்ட்ங்கறது ப்ராசஸ் செத்தாத்தான் வேலை செய்யும், ஊமையாப் போனதை அதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

மொதல்ல சின்ன விஷயம். மோடம் விழுந்து எந்திரிச்சா மோடம்மேனேஜர் அதுக்குப் புது நம்பர் குடுக்கும், 0 போய் 1 ஆகும். உன் ஸ்கிரிப்ட்ல 0ன்னு எழுதாம எனின்னு குடு. டி-பஸ்ல காது குடுத்துக்கிட்டு இருக்கேன்னா பழைய பாத்லயே உக்காந்துருக்காம மோடம் போறதையும் வர்றதையும் கவனிச்சுப் புது மோடத்தோட சேந்துக்கணும்.

அடுத்தது வாட்ச்டாக். யூனிட் ஃபைல்ல வாட்ச்டாக்செக்=10மினிட்னு போடு. உன் ஸ்கிரிப்ட் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மோடத்துக்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும், பதில் வந்தா மட்டும் சிஸ்டம்டி-நோட்டிஃபை வாட்ச்டாக்=1 அனுப்பணும். கோரிப்பாளையம் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்க, மோடம் பேசுதான்னு மட்டும் பாரு, டவர் பக்கம் போகாத. பத்து நிமிஷம் தகவல் வரலைன்னா சிஸ்டம்டி சர்வீஸைக் கொன்னு திருப்பி ஓட்டும், ஆன்-ஃபெயிலியர்ல வாட்ச்டாக் தோல்வியும் அடக்கம். ஷெல் ஸ்கிரிப்ட்னா நோட்டிஃபைஆக்சஸ்=ஆல் போட மறந்துராத, சிஸ்டம்டி-நோட்டிஃபை தனி ப்ராசஸா ஓடுறதால அது இல்லாம நீ அனுப்புறதைக் கண்டுக்காது.

அதுக்கும் மசியலைன்னா ரீபூட். ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட்=3, ஸ்டார்ட்லிமிட்ஆக்‌ஷன்=ரீபூட். இங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க: இந்தக் கணக்கு டீஃபால்ட்டா பத்து செகண்டுக்குள்ள எத்தனை தரம்னு பாக்கும். உன் வாட்ச்டாக்கே பத்து நிமிஷம், பத்து செகண்டுக்குள்ள எப்படி மூணு தரம் சாகும்? ரீபூட் நடக்கவே நடக்காது. ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்கை ஒரு மணி நேரமா மாத்து. ஆண்ட்ராய்டோட கிரிட்டிக்கல் கணக்கை நம்ம கையால எழுதுற மாதிரித்தான் இது.

டைமும் பாத்துக்க. க்வால்காம் ஃபோன் பலதுல ஆர்டிசி கடிகாரத்தைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. அதனால உண்மை நேரத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்வ்க்ளாக்-ஆஃப்செட்ங்கற சர்வீஸ் எழுதி வச்சுக்கிட்டு பூட்ல கூட்டிக்கும். அது உன் சர்வீஸுக்கு முன்னாடி ஓடலைன்னா உன் தண்ணி கணக்குல 1970ன்னு விழும்.

ஒன்ப்ளஸ் அலாரம்: சம்பந்தம் நிச்சயமா இருக்கு. ஃபோன் சஸ்பெண்ட் ஆயிட்டா சாதாரண டைமர் எல்லாம் நின்னுரும், ஆர்டிசில எழுப்பச் சொல்லி வச்சாத்தான் முழிக்கும். சிஸ்டம்டி டைமர்ல வேக்சிஸ்டம்=ட்ரூன்னு ஒரு வரி இருக்கு, அந்த நேரத்துக்கு ஃபோனை அதுவே எழுப்பும். அலாரம் ஆப் இதைக் கேட்டு வாங்கிக்கிறதா இருக்கணும், சும்மா விண்டோவைத் திறந்து உக்காந்துருக்குற ஆப்னா நடக்காது. கால் பேசிக்கிட்டு இருக்குறப்ப ஃபோன் தூங்கிறக் கூடாது, அதுக்கு சிஸ்டம்டில லாகினையும் தூக்கத்தையும் பாத்துக்குற லாகின்டியோட இன்ஹிபிட்டர், அதாவது தூங்க விடாத தடுப்பு இருக்கு. பவர் பட்டனைத் தட்டுனா ஷட்டவுன் ஆகாம ஸ்கிரீன் மட்டும் அணையணும், அதுவும் லாகின்டிகிட்டதான் போகுது. ஓப்பன்ஆர்சி பக்கமும் ஈலாகின்டி இருக்கு, சிஸ்டம்டில இருந்து அந்தத் துண்டைப் பிரிச்சு எடுத்து வளக்குறாங்க, நல்ல வேலை, ஆனா பிரிச்சு எடுத்தது எப்பவும் ஒரு எட்டு பின்னாடிதான் வரும்.

கைல வச்சுக்குற ஃபோனுக்கு யூசர் சர்வீஸும் முக்கியம். பைப்வயர், வயர்பிளம்பர், கால்ஆடியோடி, ஃபீட்பேக்டின்னு சவுண்டு, வைப்ரேஷன் வேலை பாக்குறது எல்லாம் உன் லாகினுக்குள்ள ஓடுறது. கால் வர்ற நேரத்துல பைப்வயர் செத்துக் கிடந்தா ரிங் அடிக்கும், எடுத்தா குரல் கேக்காது. சிஸ்டம்டி-யூசர் இதையும் சேத்துக் காவல் பாக்குது. ஓப்பன்ஆர்சிக்கு யூசர் சர்வீஸ் 2025ல 0.60லதான் வந்துச்சு.


ஒத்தக்கடை_வாய்டு எழுதியது:

ரெண்டை மட்டுமே பேசிக்கிட்டு இருக்கீங்களே. ரன்இட்ண்டு ஒரு இனிட் இருக்கு, வாய்ட் லினக்ஸ்ல நான் வருஷக்கணக்கா ஓட்டுறேன். சர்வீஸ்ங்கறது ஒரு டைரக்டரி, உள்ள ரன்ண்டு ஒரு ஸ்கிரிப்ட், வார் சர்வீஸ்ல ஒரு சிம்லிங்க், செத்தா ஒரு செகண்ட்ல எந்திரிக்கும், ஆரம்பத்துல இருந்தே அதுக்குன்னு கட்டுனது. ஆனா எது எதுக்கு முன்னாடி ஓடணும்ங்கற டிபெண்டன்சி எல்லாம் அதுக்குத் தெரியாது, அக்கா சொன்ன அந்த மோடம் வரிசையை நீயே ஸ்கிரிப்டுக்குள்ள காத்திருந்து காத்திருந்து எழுதணும், அதனால ஃபோனுக்கு நான் சிபாரிசு பண்ணமாட்டேன். எஸ்6ங்கற இன்னொண்ணுல எஸ்6-ஆர்சி சேத்தா வரிசையும் கிடைக்கும். சிமேரா லினக்ஸ்ல வர்ற டினிட்தான் எனக்கு ஃபோனுக்கு ரொம்பப் பொருத்தமா படுது, மசல்லயே ஓடுது, டிபெண்டன்சி, காவல், யூசர் சர்வீஸ் எல்லாம் சின்ன உருவத்துல இருக்கு. என்ன, ஃபோனுக்கு வேண்டிய சர்வீஸ் ஃபைலை எல்லாம் உக்காந்து எழுத ஆளு வேணும்.


வாடிப்பட்டி_பம்புசெட் எழுதியது:

முடிவு பண்ணிட்டேன். ஒன்ப்ளஸ்க்கு டீஃபால்ட்டே, அதாவது சிஸ்டம்டி, ஃபாஷோட. மோட்டார் ரூம் போக்கோக்கும் சிஸ்டம்டியே போடப் போறேன், யுஐ எதுவும் இல்லாம வெறும் கன்சோல், ஃபோன் தூங்காம இருக்க ஸ்லீப் டார்கெட்டை மாஸ்க் பண்ணிருவேன். அந்த போன பூட் லாக்தான் என்னை இழுத்துச்சு, ஏன் செத்துச்சுண்டு தெரியாம அப்பாகிட்ட பதில் சொல்ல முடியாது. அண்ணே கோவிச்சுக்காதீங்க, வீட்ல ஒரு ரெட்மி 2 கிடக்கு, அதுல நீங்க சொன்ன ஹெல்த்செக்கை எழுதிப் பாத்துட்டு இங்கயே போடுறேன். ரெண்டையும் ஒரே சிம்ல மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தா எது எப்படிண்டு நமக்கே தெரிஞ்சுரும்.


கோரிப்பாளையம்_ரோம் எழுதியது:

நல்ல முடிவு. ஒண்ணு கேட்டுக்க, கரண்டு ரொம்ப நேரம் போய் பேட்டரி முழுசா காலியாகி ஃபோன் அணைஞ்சுருச்சுண்டா, கரண்டு வந்ததும் அது பூட் ஆகாம சார்ஜிங்ல மட்டும் நிக்க வாய்ப்பு இருக்கு. அது பூட்லோடர் வேலை, லினக்ஸே இன்னும் ஆரம்பிக்காத இடம், எந்த இனிட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. மோட்டார் ரூமுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி வீட்லயே பேட்டரியை ஒருக்கா காலி பண்ணி, சொருகிப் பாத்துரு.


டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் எழுதியது:

கோவம் என்னத்துக்குத் தம்பி, ரெட்மி 2ல எழுதிப் போடுறேண்டு சொன்னியே அதுவே போதும், எழுதுனதும் காட்டு, ரெஸ்பான் வரி எல்லாம் சரியா விழுந்துருக்காண்டு நான் பாத்துத் தர்றேன்.

பேட்டரி பேச்சு வந்ததால சொல்றேன், இது இனிட் சண்டையை விட முக்கியம். நம்ம ஊரு சித்திரை வெயில்ல தகரக் கூரை மோட்டார் ரூம்ல, நாள் முழுக்க சார்ஜர்லயே கிடந்தா பேட்டரி உப்பிரும், பின்மூடியே பிதுங்கி வர்றதை வாரத்துக்கு வாரம் கடையில பாக்குறேன். உன்கிட்டதான் இஎஸ்பி32 இருக்கே, அதுல இன்னொரு ரிலே சேத்து சார்ஜர் லைனை அது வழியா விடு. ஃபோன்ல சிஸ்டம்டி டைமர் ஒண்ணு போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பவர்_சப்ளைக்குள்ள இருக்குற கெப்பாசிட்டி ஃபைலைப் படிக்கச் சொல்லு, 80 தாண்டுனா சார்ஜரை வெட்டு, 40க்குக் கீழ வந்தா சேரு. ஃபோன் பக்கம் இருந்து பேச்சு மூச்சே இல்லைண்டா சார்ஜர் ஆன்லயே இருக்குற மாதிரி இஎஸ்பி பக்கம் எழுதிரு, மாத்தி எழுதிட்டா ஃபோன் செத்ததும் சார்ஜும் ஏறாது. போக்கோவை அங்க மாட்டுறதுக்கு முன்னாடி ஒருநாள் கடைக்கு எடுத்துட்டு வா, பழைய பேட்டரி எந்த லட்சணத்துல இருக்குண்டு திறந்து பாத்துருவோம்.